ஆறு அறை, அஞ்சு தோட்டா

ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு அக்கா மகனைக் கூட்டிப் போனால் திரும்பும்போது தோளில் ஒரு பை கனம் கூடிவிடும். எட்டாவது படிக்கிறான். கௌபாய் காமிக்ஸ் கிடைத்துவிட்டால் சோறு தண்ணி வேண்டாம். போன வருசம் திரும்பி வருகையில், பஸ் பெருந்துறையைத் தாண்டுவதற்குள் ஒரு கதையை முடித்துவிட்டு என் கையைச் சுரண்டினான்.

"ஏனுங் மாமா, இவன் ஒவ்வொரு வாட்டி சுடறதுக்கு முன்னாலயும் துப்பாக்கிக்குப் பின்னால இருக்கற கொக்கிய எதுக்கு இழுக்கறான்? சினிமாவுல போலீஸ்காரங்க இழுக்கறதில்லீங்களே?"

"அது கொக்கி இல்ல கண்ணு, குதிரை" என்று ஆரம்பித்தது அவிநாசி வரைக்கும் ஓடியது. அன்றைக்குச் சொன்னதையும், பஸ் இரைச்சலில் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். துப்பாக்கியை ஒருநாளும் தொடாதவர்களை மனசில் வைத்து எழுதியது. தொட்டவர்களுக்கும் ஒன்றிரண்டு இடத்தில் உதவலாம்.

என் அனுபவம் எவ்வளவு என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அந்தியூர்ப் பக்கம் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) வீட்டில் உரிமம் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. சின்ன வயசில் அதைத் துடைக்க மட்டும் விடுவார். சிங்கிள் ஆக்‌ஷன் என்ற கௌபாய் வகை ரிவால்வரைக் கையில் எடுத்துச் சுட்டது டெக்சாஸில். மச்சான் வீட்டுக்குப் போயிருந்தபோது, அங்கிருந்த சுடுதளத்தில் ஒரு பெரியவர் பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொடுத்தார். அந்த நாலு சனிக்கிழமையும், அதற்கப்புறம் தேடித்தேடிப் படித்ததும்தான் என் முதல்.

குதிரையிலிருந்தே தொடங்குவோம். துப்பாக்கியின் பின்தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் சுத்தியல் போன்ற உறுப்புக்குத் தமிழ் அகராதியிலேயே குதிரை என்ற பெயர் உண்டு. கீழே விரல் போட்டு அழுத்துகிற இடத்தில் இருப்பது விசை. இரண்டையும் போட்டுக் குழப்பி எழுதுகிறவர்கள் உண்டு. இந்தக் கட்டுரையில் மேலே இருப்பது குதிரை, கீழே இருப்பது விசை. கடைசி வரைக்கும் மாறாது.

ரிவால்வரில் குழல் ஒன்றுதான். அதற்குப் பின்னால் ஓர் உருளை, உருளையில் வட்டமாக ஆறு அறைகள், அறைக்கொரு தோட்டா. ஒன்று வெடித்ததும் உருளை 60 டிகிரி சுழன்று அடுத்த அறையைக் குழலுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அதைச் சுழற்றுவது யார் என்பதில்தான் என் மருமகன் கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறது. பழைய மாதிரியில் சுழற்றுவது சுடுகிறவரின் கட்டைவிரல். குதிரையைப் பின்னுக்கு இழுக்கும்போது உள்ளே ஒரு சின்ன நெம்பு எழும்பி உருளையின் பின்முகத்திலுள்ள பல்லைத் தள்ளுகிறது. உருளை சுழல்கிறது. சரியான இடம் வந்ததும் கீழிருந்து ஒரு தாழ் எழும்பி உருளையின் விளிம்பிலுள்ள பள்ளத்தில் விழுந்து இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. சோமனூர், பல்லடம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. விசைத்தறியில் நெய்த துணியைச் சுருட்டுகிற ராட்செட் சக்கரம் இதே வேலையைத்தான் பார்க்கிறது. ஒரு தள்ளுக்கு ஒரு பல், பின்னால் திரும்பாது.

ஆக, குதிரையை இழுப்பதிலேயே முக்கால்வாசி வேலை முடிந்துவிடுகிறது. விசைக்கு மிச்சமிருப்பது ஒரே வேலை: இழுத்து நிறுத்திய குதிரையை விடுவிப்பது. அந்த ஒற்றை வேலையை வைத்துத்தான் இதற்கு சிங்கிள் ஆக்‌ஷன் என்று பெயர். பிற்காலத்து டபுள் ஆக்‌ஷன் ரிவால்வரில் விசையை அழுத்தினால் அதுவே குதிரையைத் தூக்கி, உருளையைச் சுழற்றி, பிறகு குதிரையை விடும். சினிமா போலீஸ்காரர் கட்டைவிரலைப் பயன்படுத்தாததற்குக் காரணம் அதுதான்.

வசதிக்கு ஒரு விலை உண்டு. டபுள் ஆக்‌ஷனில் விசையை அழுத்த ஏறக்குறைய 5 கிலோ அழுத்தம் வேண்டும். நீண்ட தூரம் இழுக்கவும் வேண்டும். குதிரை ஏற்றிய சிங்கிள் ஆக்‌ஷனுக்கு ஒன்றரை, இரண்டு கிலோ போதும். விசை நகர்வதுகூடத் தெரியாது. குறி பார்த்துச் சுட இது சுகம். அதே காரணத்தால், குதிரை ஏறியிருக்கும்போது விரலைத் தூங்கவிட்டால் வெடிக்கும். குறி இலக்கில் உட்காரும் வரைக்கும் விரல் விசைக்கு வெளியே, துப்பாக்கியின் உடம்பான சட்டத்தின் பக்கவாட்டில் நேராகக் கிடக்க வேண்டும் என்று சொல்வது சடங்குக்காக இல்லை.

இந்தத் துப்பாக்கிக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தூரத்து உறவு உண்டு. சாமுவேல் கோல்ட் 1830ல், பதினாறு வயசில், கோர்வோ என்ற கப்பலில் ஏறி பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்கு வந்தார். அந்தப் பயணத்தில்தான் சுழலும் உருளையின் மாதிரியை மரத்தில் செதுக்கினார். கப்பலின் சுக்கான் சக்கரம் எங்கே சுழன்று நின்றாலும் அங்கே பூட்டி நிறுத்த முடிவதைப் பார்த்து யோசனை வந்ததாக அவர் பக்கத்துக் கதை. எலிஷா காலியர் செய்த சிக்கிமுக்கிச் சுழல் துப்பாக்கிகளை இந்தியாவில் பார்த்திருப்பார் என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. எப்படியோ, 1836ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கிவிட்டார். அந்தக் காலத்து உருளையில் முன்பக்கமாகக் கரிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டைத் திணிக்க வேண்டும். பின்பக்கமாக முழுத் தோட்டாவைப் போடும் உருளைக்கான காப்புரிமை ரோலின் ஒயிட் என்பவரிடம் இருந்தது. அதைப் பயன்படுத்தும் உரிமை ஸ்மித் அண்ட் வெஸ்ஸனிடம். 1869ல் அது காலாவதியான பிறகுதான் கோல்ட் கம்பெனிக்கு வழி திறந்தது. 1873ல் வந்த ரிவால்வர்தான் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி. கோல்ட் அதைப் பார்க்காமலே 1862ல் இறந்துபோனார். அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட .45 (குண்டின் விட்டம் ஏறக்குறைய 0.45 அங்குலம்) மாதிரிக்குக் குழல் மட்டும் ஏழரை அங்குலம். கௌபாய் கதைகளில் ஓவியர்கள் வரைகிற துப்பாக்கி பெரும்பாலும் இதுதான். இத்தாலியில் உபெர்ட்டி போன்ற கம்பெனிகள் இன்றைக்கும் அதன் நகலைச் செய்கின்றன. உள்ளே இருக்கும் யந்திரம் ஏறக்குறைய 1873ல் இருந்ததேதான்.

அப்படி மாறாமல் இருப்பதுதான் சிக்கலும்.

பழைய மாதிரியைக் காலியாக வைத்துக்கொண்டு குதிரையை மெதுவாக இழுத்தால் நாலு 'க்ளிக்' கேட்கும். பிரியர்கள் அதைக் கம்பெனி பெயரின் நாலு ஆங்கில எழுத்தோடு சேர்த்து எண்ணுவார்கள். முதல் க்ளிக்கில் குதிரை லேசாகப் பின்வாங்கி ஒரு பள்ளத்தில் நிற்கும். இரண்டாவது அரை ஏற்றம். இதில்தான் உருளை தாராளமாகச் சுழலும், தோட்டா போட முடியும். மூன்றாவது, தாழ் உருளையில் விழும் சத்தம். நாலாவது முழு ஏற்றம், சுடத் தயார்.

முதல் க்ளிக்கில் நிற்கும் பள்ளத்துக்குப் பாதுகாப்புப் பள்ளம் என்றே பெயர். அந்தப் பெயரை நம்பிக் காலில், தொடையில் சுட்டுக்கொண்டவர்கள் எண்ணிக்கையில் அடங்க மாட்டார்கள். பழைய குதிரையின் முன்மூக்கில் ஊசி ஒன்று நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்கும். குதிரை முழுக்கக் கீழே இறங்கியிருந்தால் அந்த ஊசி நேராகத் தோட்டாவின் பின்புறத்தில், அடிபட்டால் மருந்தைப் பற்றவைக்கிற பிரைமர் மேல் உட்காரும். நம் தீபாவளிக் கேப்புத் துப்பாக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். சுருள் கேப்பின் பொட்டு மேல் சுத்தியல் இறங்கியிருக்கிறது. சுத்தியலின் முதுகில் கல்லால் தட்டினால் என்ன ஆகும்? அதுவேதான் இங்கேயும். ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்பு கை நழுவி, குதிரை தரையில் படும்படி விழுந்தால் வெடித்துவிடும். பாதுகாப்புப் பள்ளம் அந்த ஊசியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துகிறது, உண்மைதான். ஆனால் அதைத் தாங்குவது விசையின் மெல்லிய நுனி ஒன்று மட்டும். பலமாக அடிபட்டால் அது உடைந்துவிடும்.

ஒயட் ஏர்ப் என்ற பெயரைக் கௌபாய்க் கதைப் பிரியர்கள் அறிவார்கள். 1876 ஜனவரியில் அவர் கன்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் காவல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மதுக்கடை ஒன்றில் உட்கார்ந்திருந்தபோது உறையிலிருந்து ரிவால்வர் வழுக்கி, குதிரை நாற்காலியில் பட்டு வெடித்தது. குண்டு அவர் கோட்டைத் துளைத்துக்கொண்டு கூரைக்குப் போனது. உள்ளூர்ப் பத்திரிகை அதைச் செய்தியாகவே போட்டது. இந்தத் தொழிலில் ஊறிய ஆளுக்கே அந்தக் கதி.

அதனால் வந்த வழக்கம்தான் தலைப்பில் இருக்கிறது. அறை ஆறு இருந்தாலும் தோட்டா அஞ்சுதான். குதிரை இறங்கி உட்காரும் அறை எப்போதும் காலி. ஊசிக்கு அடியில் ஒன்றுமே இல்லை என்றால், துப்பாக்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தாலும் வெடிக்க வழியில்லை. இதில் இன்னொரு ஆதாயமும் இருக்கிறது. சொல்லிக்கொடுத்த பெரியவர் இதைத்தான் அழுத்திச் சொன்னார். கை நழுவும் பொருளைப் பாய்ந்து பிடிப்பது மனுச சுபாவம். துப்பாக்கியை அப்படிப் பிடிக்கப் போனால் விரல் போய் விழுகிற இடம் பெரும்பாலும் விசைதான். அஞ்சு தோட்டாவோடு, குதிரை இறங்கிய துப்பாக்கி என்றால் அதை நிம்மதியாகக் கீழே விழவிடலாம். கீறல் விழுந்தால் விழுந்துவிட்டுப் போகட்டும்.

அவர் முதல் சனிக்கிழமை முழுக்க எனக்கு நிஜத் தோட்டாவே கொடுக்கவில்லை. மருந்தில்லாத டம்மி தோட்டா அஞ்சைக் கொடுத்து, போடு, எடு, போடு, எடு என்று வைத்தார். அதற்கு முன்னால் ஜெஃப் கூப்பர் வகுத்த நாலு விதிகளைச் சொல்ல வைத்தார். கூப்பர் அமெரிக்கக் கடற்படைத் தரைப்படையில் இருந்தவர். நவீன கைத்துப்பாக்கிப் பயிற்சியின் ஆசான் என்று பெயர் பெற்றவர். எல்லாத் துப்பாக்கியும் எப்போதும் நிரம்பியிருப்பதாகவே நினை. அழிந்தால் பரவாயில்லை என்று நினைக்காத எதன் மேலும் குழலின் வாய் போகக் கூடாது. குறி இலக்கில் உட்காரும் வரை விரல் விசையில் படக் கூடாது. இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடக் கூடாது. கேட்கும்போது குழந்தைக்குச் சொல்வது போலத்தான் இருக்கும். ஆனால் பின்னாலிருந்து மச்சான் "மாப்ள, தண்ணி வேணுமா?" என்று கேட்டதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? மாட்டைப் பிடித்திருக்கிற ஆள் கயிறோடு திரும்புகிற மாதிரி, துப்பாக்கியோடு திரும்பினேன். பெரியவர் கை அதற்குள் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டது. டம்மி தோட்டாதான், அவருக்கும் தெரியும். ஆனாலும் அரைமணி நேரம் உட்கார வைத்துவிட்டார். கூப்பிட்டால் தலையைத் திருப்பு, கையைத் திருப்பாதே என்பதை அன்றைக்கு மறக்காமல் படித்தேன்.

தோட்டா போடும் முறைக்கு ஆங்கிலத்தில் ஒரு வாய்ப்பாடு உண்டு. நம் வாய்க்கு இப்படி வரும்: ஒண்ணு போடு, ஒண்ணு விடு, நாலு போடு. குழலின் வாய் பாதுகாப்பான பக்கம் இருக்க, குதிரையை அரை ஏற்றத்துக்குக் கொண்டுவர வேண்டும். உருளையின் வலப்பக்கம் பின்னால் சின்னக் கதவு ஒன்று இருக்கும்; அதைத் திறந்தால் ஓர் அறை தெரியும். அதில் ஒரு தோட்டா. உருளையைக் கையால் ஒரு க்ளிக் திருப்பி அடுத்த அறையைக் காலியாக விடவேண்டும். பிறகு வரிசையாக நாலு. கதவைச் சாத்தி, குதிரையை முழு ஏற்றத்துக்கு இழுத்தால் காலி அறை தானாகக் குதிரைக்கு நேரே வந்து நிற்கும். அப்புறம் குதிரையை மெதுவாக இறக்கிவிட வேண்டும். கணக்கு சரியா என்று சந்தேகம் இருந்தால், பக்கவாட்டிலிருந்து உருளைக்கும் சட்டத்துக்கும் நடுவிலுள்ள இடுக்கைப் பாருங்கள். தோட்டாக்களின் விளிம்பு தெரியும். குதிரைக்கு அடியில் மட்டும் விளிம்பு இருக்காது.

அரை ஏற்றத்திலிருந்து நேராகக் குதிரையை இறக்கக் கூடாது, எப்போதும் முழு ஏற்றம் போய்த்தான் இறக்க வேண்டும். இடையில் இறக்கினால் உருளை பாதிச் சுழற்சியில் நின்று, எந்த அறை எங்கே இருக்கிறது என்ற கணக்கே கெட்டுவிடும். போதாததற்குத் தாழ் உரசி உருளையில் வட்டமாகக் கோடு விழும். பழைய ரிவால்வரை விலைக்குப் பார்க்கிறவர்கள் அந்தக் கோட்டைத்தான் முதலில் பார்ப்பார்களாம், முந்தைய முதலாளி எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்ள.

குதிரையை இறக்குவது இந்த வேலையிலேயே பயமான இடம். ஏனென்றால் அதற்கு விசையை அழுத்தியாக வேண்டும். குழலின் வாய் இலக்குப் பக்கம் இருக்கட்டும். கட்டைவிரலால் குதிரையின் முள்ளை (விரல் வைத்து இழுக்கிற நீட்டத்தை) அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையின் கட்டைவிரலையும் துணைக்கு வைத்து, விசையை அழுத்தி, கிணற்றில் நிறைந்த வாளியை இறக்குகிற மாதிரி அங்குலம் அங்குலமாக விட வேண்டும். கை வேர்த்திருந்தால் துடைத்துவிட்டுச் செய்யுங்கள். சித்திரை வெயிலில் நம்மூரில் இதைச் செய்வதாக இருந்தால் துண்டு ஒன்று இடுப்பிலேயே இருக்கட்டும்.

சுடும்போது என்ன நடக்கிறது என்பதற்கு வருவோம். இந்தத் துப்பாக்கியின் பிடி வளைந்து, ஏர்க்கலப்பையின் மேழி மாதிரி இருக்கும். அமெரிக்கர்களும் கலப்பைப் பிடி என்றுதான் சொல்கிறார்கள். வெடித்ததும் துப்பாக்கி நேராகப் பின்னால் குத்தாமல் கைக்குள் மேல்நோக்கி உருளும். புதிதாகப் பிடிக்கிறவர் அதை அடக்கப் பார்த்து முறுக்கிப் பிடிப்பார், குறி கெடும். உறுதியாகப் பிடித்துக்கொண்டு, அது உருள்வதை உருளவிடுவதே சரி. உருண்டு மேலே வரும்போது குதிரை கட்டைவிரலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், அடுத்த ஏற்றத்துக்கு வாகாக. சுண்டுவிரலுக்குப் பிடியில் இடம் இல்லையே என்று பலர் தவிப்பார்கள். எனக்கும் அப்படித்தான். பிடிக்கு அடியில் மடக்கி வைத்துக்கொள்ளச் சொன்னார், சரியாகிவிட்டது. குறி பார்க்க முன்னால் ஒரு தகடு, பின்னால் சட்டத்தின் முதுகில் ஒரு காடி, அவ்வளவுதான். காடியின் நடுவில் தகடு தெளிவாகத் தெரிய வேண்டும். இலக்கு கொஞ்சம் மங்கினாலும் குற்றமில்லை.

இரண்டாவது கையை எங்கே வைப்பது என்பதில்தான் ரிவால்வருக்கே உரிய ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. உருளைக்கும் குழலுக்கும் நடுவில் காகிதம் நுழைகிற அளவுக்கு ஓர் இடைவெளி உண்டு. இல்லாவிட்டால் உருளை சுழலாது. சுடும்போது அந்த இடைவெளி வழியாகச் சூடான வாயுவும், சிலசமயம் ஈயத் துணுக்கும் பக்கவாட்டில் பீறிட்டு வரும். நீண்ட துப்பாக்கியைப் பிடித்துப் பழகியவர்கள் இடக்கையை முன்னால் கொண்டுபோய்த் தாங்கப் பார்ப்பார்கள். நானும் பார்த்தேன். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு வெள்ளைத் தாளை அந்த இடைவெளிக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஒரு தோட்டா சுட்டுக் காட்டினார். தாளில் கருகிய கிழிசல். அதற்கப்புறம் என் இடக்கை உருளையைத் தாண்டி முன்னால் போனதே இல்லை. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறவரும் உருளைக்கு நேரே நிற்கக் கூடாது, சுடுகிறவருக்குப் பின்னால் நிற்க வேண்டும்.

கண்ணாடியும் காதடைப்பும் எல்லாருக்கும், பார்க்க வந்தவருக்கும் சேர்த்து. 140 டெசிபலைத் தாண்டிய சத்தம் ஒரே தடவையிலேயே காதைக் கெடுக்கும்; கைத்துப்பாக்கிச் சத்தம் அதைச் சாதாரணமாகத் தாண்டும். ஈயத்தைக் கையாள்வதால், சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தின்பண்டத்தைத் தொடக் கூடாது.

விசையை அழுத்தியும் வெடிக்கவில்லை என்றால் உடனே திறந்து பார்க்கத் தோன்றும். தீபாவளிக்குப் புஸ்வாணத்தை எட்டிப் பார்த்து முகம் கருகிய பிள்ளைகளின் கதைதான் அது. குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு அரை நிமிசமாவது காத்திருங்கள். மருந்து சிலசமயம் தாமதமாகப் பிடிக்கும். இதைவிட மோசமான இன்னொன்று உண்டு. 'டமால்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'பொத்' என்று நோஞ்சான் சத்தம் வந்தால், குண்டு குழலுக்குள்ளேயே மாட்டியிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் வெடித்துவிடும். அங்கேயே நிறுத்தி, எல்லாத் தோட்டாவையும் எடுத்துவிட்டு, குழலைப் பார்த்த பிறகுதான் மற்றது.

காலி செய்வதும் பொறுமையான வேலை. டபுள் ஆக்‌ஷன் ரிவால்வர்களில் உருளை வெளியே வரும், அல்லது துப்பாக்கியே நடுவில் மடியும். ஒரே தட்டில் எல்லாம் கொட்டும். இதில் அது கிடையாது. அரை ஏற்றம், கதவு திறப்பு, குழலுக்கு அடியிலுள்ள தள்ளுகம்பியால் ஒவ்வொன்றாகத் தள்ளி எடுக்க வேண்டும். அஞ்சு போட்டேன், அஞ்சு எடுத்தேன் என்று வாய்விட்டு எண்ணுங்கள். எண்ணி முடித்த பிறகும் உருளையை ஒரு முழுச்சுற்று சுற்றி ஆறு அறையையும் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

இவ்வளவும் கோல்ட் பாணிக்கு. 1973ல் ரூகர் கம்பெனி கொண்டுவந்த புது மாதிரியில் கதை வேறு. அதில் குதிரையில் ஊசி கிடையாது. ஊசி சட்டத்துக்குள் இருக்கும். குதிரை இறங்கினாலும் ஊசியைத் தொடாது. விசையை அழுத்திப் பிடித்திருக்கும்போது மட்டும் நடுவில் ஒரு பட்டை எழும்பி, குதிரையின் அடியை ஊசிக்குக் கடத்தும். விசையை யாரும் அழுத்தாவிட்டால் பட்டை இல்லை, பட்டை இல்லாவிட்டால் வெடியும் இல்லை. அதனால் ஆறு அறையிலும் தோட்டா போடலாம். கதவைத் திறந்தாலே உருளை சுழலும், அரை ஏற்றமும் இல்லை. தங்கள் பழைய மாதிரிகளையும் இலவசமாகவே இந்த முறைக்கு மாற்றித்தர ரூகர் முன்வந்தது. என் கண்ணில் இந்தப் பட்டை, விசைத்தறிக்குப் பிறகு மனுசன் செய்த அழகான யந்திர யோசனைகளில் ஒன்று.

வெளியே இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருப்பதுதான் வினை. புதியதில் ஆறு போட்டுப் பழகிய கை பழையதையும் அப்படியே நிரப்பிவிடும். ரூகராக இருந்தால் சட்டத்தின் பக்கத்தைப் பார்க்கலாம்: பழையதில் மூன்று திருகாணி, புதியதில் இரண்டு ஆணித்தலை. மூன்று திருகாணி என்றால் குதிரையில் ஊசி இல்லாவிட்டாலும் அஞ்சுதான். மற்ற ரிவால்வர்களில் குதிரையின் மூக்கைப் பார்க்கலாம். ஊசி நீட்டிக்கொண்டிருந்தால் அஞ்சு. சந்தேகமாக இருந்தாலும் அஞ்சு.

1900க்கு முந்தைய அசல் துப்பாக்கிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவை கரிமருந்தின் அழுத்தத்துக்காகச் செய்தவை. இந்தக் காலத்துப் புகையில்லா மருந்துத் தோட்டாவை அதில் போடக் கூடாது, உருளையே பிளந்துபோகும். கரிமருந்து சுட்டால் அன்றைக்கே கழுவ வேண்டும், எண்ணெய்த் துணி மட்டும் போதாது. அதன் கரி ஈரத்தை இழுத்து ஒரே ராத்திரியில் துருவேற்றிவிடும். அப்பிச்சி குழலில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுவார். துப்பாக்கிக்குச் சளி பிடிச்சிருக்கிறதா என்று அம்முச்சி கிண்டல் பண்ணுவார். டெக்சாஸ் பெரியவரும் கரிமருந்து சுட்டால் வெந்நீரும் சோப்பும்தான் என்றார்.

விரலில் மாட்டிச் சுழற்றுவது, இன்னொரு கையால் குதிரையைத் தட்டித் தட்டிச் சரமாரியாகச் சுடுவது எல்லாம் காமிக்ஸோடு நிற்கட்டும். தட்டிச் சுட்டால் தாழும் பள்ளமும் தேய்ந்து உருளை ஆடத் தொடங்கும். குண்டு போகிற இடமும் ஆண்டவனுக்குத்தான் தெரியும். "அப்ப இவன் ஆறு வாட்டி சுட்டிருக்கானுங்களே மாமா" என்று மருமகன் பக்கத்தைக் காட்டினான். சண்டை நிச்சயம் என்று தெரிந்தால் ஆறாவதையும் போட்டுக்கொள்வார்கள் என்றேன். அடுத்த பக்கத்தில் ஏழாவது தடவை சுட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நம்மூரில் இதெல்லாம் கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு: இந்தியாவில் 1959ஆம் வருசத்து ஆயுதச் சட்டம், 2016ஆம் வருசத்து ஆயுத விதிகள். உரிமம் இல்லாமல் கையில் வைத்திருந்தாலே சிறை. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, முன்பு மூன்று. உரிமத்தின் காலம் மூன்று வருசத்திலிருந்து அஞ்சாகக் கூடியது. கொண்டாட்டத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டு மற்றவர்கள் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் இரண்டு வருசம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இங்கே உரிமத்தோடு பொதுவாகப் பார்க்க முடிகிற ரிவால்வர், கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்யும் .32. அது வெப்ளி பாணியில் நடுவில் மடிந்து திறக்கும் டபுள் ஆக்‌ஷன். வேண்டுமென்றால் கட்டைவிரலால் குதிரையை ஏற்றி சிங்கிள் ஆக்‌ஷனாகவும் சுடலாம். ஏற்றிவிட்டால் விசை இளகிவிடும் என்ற எச்சரிக்கை அதற்கும் பொருந்தும். சுடப் பழக ஆசை இருந்தால் முறையான ரைபிள் கிளப்பில் சேர்வதுதான் வழி. தோட்டத்துச் சாளையில் நண்பரின் துப்பாக்கியை வாங்கித் தென்னை மரத்தில் சுட்டுப் பார்ப்பது வழியல்ல.

உரிமம் வைத்திருக்கும் குடியானவருக்குத் தேர்தல் வந்தால் ஒரு வேலை கூடும். துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அப்பிச்சி தன் ஒற்றைக்குழலை வேட்டித் துணியில் சுற்றி எடுத்துப்போவார். அது கடலைக்காட்டில் காட்டுப்பன்னி விரட்ட வாங்கியது, முன்பக்கமாக மருந்து திணிக்கும் வகை. அதைத் திறந்து காட்ட முடியாது. முதலில் குதிரையைத் தூக்கி, அடியில் கேப்பு இல்லை என்று காட்டுவார். பிறகு குழலின் வாயை வெளி வாசல் பக்கம், மேலே பார்க்க வைத்துவிட்டு, திணிகம்பியை உள்ளே விட்டு ஒரு தட்டு தட்டுவார். உள்ளே மருந்து இருந்தால் 'பொத்' என்று கேட்கும், காலியாக இருந்தால் இரும்பில் இரும்பு பட்டு 'டங்' என்று கேட்கும். ஏட்டையா அந்த 'டங்' கேட்ட பிறகுதான் நோட்டை விரிப்பார்.